160 ஏக்கர் கணக்கு: கான்சஸின் நிகோடிமஸ் ஏன் பிறந்தது, ஏன் சுருங்கியது

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், வடமேற்குப் பகுதியில், நிகோடிமஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. இன்று அங்கே வசிப்பவர்கள் 20 பேர்கூடத் தேற மாட்டார்கள். தபால் நிலையம் 1953லேயே மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் 1996ல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஊரைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது, தேசியப் பூங்காத் துறை இன்றுவரை அங்கே அலுவலகம் வைத்திருக்கிறது.

இந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்தாலே பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் உழைத்துக் கட்டிய ஊர் என்ற பெருமை. இன்னொன்று, ரயில் வராததால் செத்துப்போன ஊர் என்ற அனுதாபம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஊரின் கதையை விளக்க இரண்டுமே போதாது. கொஞ்சம் பின்னால் போய், நிலம் எப்படி அளக்கப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் பிடிபடும்.

அந்தச் சதுரங்கள் எங்கிருந்து வந்தன?

மேலிருந்து எடுத்த படத்தில் கான்சஸைப் பார்த்தால் சதுரங்கப் பலகை போல இருக்கும். இது விவசாயிகள் போட்ட வரப்பு இல்லை. 1785ல் வந்த ஒரு சட்டத்தின்படி, அரசாங்கம் ஆள் குடியேறுவதற்கு முன்பே நிலத்தைக் கோடு போட்டுப் பிரிக்க ஆரம்பித்துவிட்டது. ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்ட பெரிய சதுரத்துக்கு 'டவுன்ஷிப்' என்று பெயர். அதற்குள் 36 சிறு சதுரங்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், இதன் பெயர் 'செக்ஷன்'. அந்த செக்ஷனில் கால் பங்குதான் 160 ஏக்கர்.

ஆறு எங்கே வளைகிறது, மேடு எங்கே, தண்ணீர் எங்கே என்பதையெல்லாம் இந்தக் கோடுகள் கண்டுகொள்ளவில்லை. ஒருவருடைய கால் பங்குக்குள் ஓடை வரலாம், பக்கத்திலிருப்பவருக்கு ஒரு சொட்டுக்கூட இல்லாமல் போகலாம்.

1862ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் இந்த 160 ஏக்கரை ஒரு குடும்பத்தின் அளவாக வைத்துக்கொண்டது. விதிகள் சுருக்கமாக:

1. 21 வயது ஆனவராகவோ குடும்பத் தலைவராகவோ இருக்க வேண்டும். ஆண்தான் வேண்டும் என்றில்லை, தனியாக வாழும் பெண்ணும் கேட்கலாம்.
2. குடிமகனாகவோ, குடிமகனாக ஆகப்போவதாக எழுதிக்கொடுத்தவராகவோ இருக்க வேண்டும். அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது.
3. அரசு நில அலுவலகத்தில் பதிவுசெய்து, ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து, பயிர் செய்து, இரண்டு சாட்சிகளை வைத்து நிரூபித்தால் பட்டா கிடைக்கும். கட்டணம் எல்லாம் சேர்த்துச் சுமார் 18 டாலர்.
4. ஐந்து ஆண்டு காத்திருக்க முடியாதென்றால், ஆறு மாதம் கழித்து ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

இதைத்தான் 'இலவச நிலம்' என்றார்கள். நிலம் இலவசம்தான். கலப்பை, மாடு, குதிரை, விதை, கிணறு, முதல் அறுவடை வரைக்கும் சாப்பாடு, இவை எதுவும் அதில் சேர்த்தி இல்லை. கையில் சேமிப்போடு வந்தவருக்கும் வெறுங்கையோடு வந்தவருக்கும் ஒரே சட்டம், ஒரே 160 ஏக்கர்.

அந்த நிலம் யாருடையது என்பதையும் சொல்லாமல் போக முடியாது. கான்சா, பானி, ஷயான் முதலிய பூர்வகுடிகள் வேட்டையாடிய, வாழ்ந்த புல்வெளி அது. ஒப்பந்தங்களாலும் ராணுவத்தாலும், காட்டெருமைகளை லட்சக்கணக்கில் சுட்டுத் தீர்த்ததாலும் அவர்கள் அகற்றப்பட்ட பிறகுதான் அது 'காலி நிலம்' ஆனது.

கென்டக்கியை விட்டு ஏன் கிளம்பினார்கள்?

நிகோடிமஸுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன், ஜார்ஜ்டவுன் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். கென்டக்கி உள்நாட்டுப் போரில் பிரிவினைப் பக்கம் போகாத மாநிலம் என்பதால், பிரிந்துபோன மாநிலங்களுக்கு மட்டுமான லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லுபடியாகவில்லை. 1865 டிசம்பரில் அரசியலமைப்பின் 13வது திருத்தம் வந்த பிறகுதான் அங்கே அடிமைமுறை சட்டப்படி முடிந்தது.

விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. போரின் கடைசியில், 1865ல், வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் கடலோரத் தெற்கில் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டார், அதே ஆண்டிலேயே அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிவிட்டார். 1866ல் தெற்கு மாநிலங்களுக்கென்று தனியாக ஒரு ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது. அது ஐந்து மாநிலங்களுக்கு மட்டும்தான், கென்டக்கி அதில் இல்லவே இல்லை, பத்தே ஆண்டில் அதுவும் ரத்து. மிஞ்சியது வாரச் சாகுபடி, அதாவது விளைச்சலில் பங்குக்கு உழுவது. நிலம் முதலாளியுடையது, கடனும் அவர் கடையில், கணக்கும் அவர் கையில். வருடக் கடைசியில் உழைத்தவருக்கு என்ன மிஞ்சும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் கான்சஸ் ஈர்த்தது. 1868ல் வந்த 14வது திருத்தம் கறுப்பினத்தவரைக் குடிமக்களாக்கியிருந்ததால் ஹோம்ஸ்டெட் சட்டம் அவர்களுக்கும் திறந்திருந்தது. அடிமைமுறைக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் நடமாடிய மண் அது, 1861ல் அடிமைமுறை இல்லாத மாநிலமாகவே ஒன்றியத்தில் சேர்ந்தது.

இங்கே பலரும் ஒரு குழப்பம் செய்வார்கள். 'எக்ஸோடஸ்டர்கள்' என்று வரலாற்றில் வரும் பெரிய இடப்பெயர்வு 1879ல் மிசிசிப்பி, லூசியானா பக்கமிருந்து ஆயிரக்கணக்கானோர் எந்த ஏற்பாடும் இல்லாமல் கான்சஸை நோக்கிக் கிளம்பியது. நிகோடிமஸ் அதற்கு இரண்டு ஆண்டு முந்தையது, அதன் பின்னால் ஒரு கம்பெனி இருந்தது.

ஊர் என்பது ஒரு வியாபாரம்

ஆமாம், கம்பெனிதான். அந்தக் காலத்துப் பிரெய்ரியில் (மரமில்லாத பெரும் புல்வெளிக்கு அங்கே இதுதான் பெயர்) ஊர்கள் தானாக முளைப்பதில்லை. நாலு பேர் சேர்ந்து 'டவுன் கம்பெனி' தொடங்குவார்கள், ஒரு கால் செக்ஷனை வாங்கித் தெருவும் மனையுமாகப் பிரிப்பார்கள், துண்டறிக்கை அடிப்பார்கள், மனை விற்பார்கள். ஊர் வளர்ந்தால் மனை விலை ஏறும். வளராவிட்டால் அடுத்த ஊர். மேற்குக் கான்சஸில் காகிதத்தோடு முடிந்துபோன ஊர்களுக்குப் பஞ்சமே இல்லை.

நிகோடிமஸ் டவுன் கம்பெனி 1877 ஏப்ரலில் தொடங்கியது. தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித், கறுப்பினப் போதகர். பொருளாளர் டபிள்யூ. ஆர். ஹில், நிலத் தரகு செய்த வெள்ளையர், குழுவில் அவர் மட்டும்தான் வெள்ளையர். ஊர்ப்பெயருக்கு இரண்டு விளக்கம் உண்டு. தமிழ் பைபிளில் 'நிக்கொதேமு' என்று வரும், இரவில் இயேசுவைத் தேடி வந்த மனிதரின் பெயர் என்பார்கள் சிலர். அமெரிக்காவில் தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கியதாகச் சொல்லப்படும் ஒரு பழைய அடிமையின் பெயர் என்பார்கள் மற்றவர்கள்.

ஹில் கென்டக்கியில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். வளமான மண், வேட்டைக்கு விலங்கு, பிடித்துப் பழக்கக் காட்டுக் குதிரைகள் என்றெல்லாம் ஆசை காட்டினார். அவரை வெறும் மோசடிக்காரர் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் முழுக்கச் சரியில்லை. குடியேறியவர்களுக்கு நிலம் உண்மையிலேயே கிடைத்தது. அவர் சொன்னது பொய் என்பதைவிட, சொல்லாமல் விட்டதுதான் பெரிய பிழை: மரம் இல்லை, வீடு இல்லை, கடை இல்லை, மழை கென்டக்கியில் பெய்வதில் பாதிதான். இதே ஹில், நிகோடிமஸ் இருக்கும் அதே கிரஹாம் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), சில மைல் மேற்கே, தன் பெயரிலேயே ஹில் சிட்டி என்று இன்னொரு ஊரையும் உருவாக்கினார். அதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

முதல் குளிர்காலம்

1877 கோடையில் முதல் சிலர் வந்தார்கள். அவர்களில் சக்கரி ஃபிளெட்சரும் அவர் மனைவி ஜென்னியும் இருந்தார்கள், பின்னாளில் சக்கரி ஊரின் முதல் தபால் அதிகாரி, ஜென்னி முதல் ஆசிரியை. செப்டம்பரில்தான் பெரிய கூட்டம் வந்தது, 300க்கும் மேற்பட்டோர். ரயிலில் எல்லிஸ் என்ற ஊர் வரைதான் வர முடியும். அங்கிருந்து வடக்கே 30 மைலுக்கு மேல், மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் திறந்த புல்வெளியில் நடை.

வந்து பார்த்தால் ஊரைக் காணோம். கூட்டத்தில் ஒரு பகுதியினர் மறுநாளே திரும்பிவிட்டார்கள், ஹில்லைத் தூக்கில் தொங்கவிடப் பார்த்தார்கள் என்றும் அவர் ஓடி ஒளிந்தார் என்றும் ஊர்க் கதை சொல்கிறது. அடுத்த ஆண்டு வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் எழுதிவைத்த நினைவுக் குறிப்பு புகழ்பெற்றது: நிகோடிமஸ் எங்கே என்று அவர் கேட்கிறார், கணவர் தரையிலிருந்து எழும் புகையைக் காட்டி அதுதான் என்கிறார், அவர் அழுதுவிடுகிறார்.

அந்தப் புகை வீட்டுப் புகைதான். மரமில்லாத இடத்தில் வீடு கட்ட இரண்டே வழி. ஒன்று, மேட்டின் சரிவைக் குடைந்து, முன்பக்கம் மட்டும் சுவர் வைத்து, மேலே கிளையும் புல்லும் மண்ணும் போட்டு மூடுவது. இதற்கு 'டக்அவுட்' என்று பெயர், நம் பேச்சில் குழி வீடு என்று சொல்லலாம். மற்றது, புல்லின் வேர் இறுகப் பிடித்த மண்ணைக் கட்டிகட்டியாகப் பெயர்த்துச் செங்கல் மாதிரி அடுக்குவது. அதற்குக் கலப்பையும் இழுக்கும் விலங்கும் வேண்டும், வந்தவர்களிடம் இரண்டும் இல்லை. அதனால் குழி வீடுதான். அடுப்புக்குக் காய்ந்து கிடந்த காட்டெருமைச் சாணம், ஒருவகை வறட்டி.

அறுவடைக் காலம் முடிந்த பிறகு வந்து சேர்ந்ததுதான் பெரிய ஆபத்து. அடுத்த பயிருக்கு ஏறக்குறைய ஒரு வருடம். வேட்டை முடிந்து அந்த வழியாகத் திரும்பிய ஓசேஜ் பூர்வகுடியினர் தங்கள் உணவில் பங்கு கொடுத்ததால்தான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினோம் என்று குடியேறிகளின் வம்சாவளியினர் இன்றும் சொல்கிறார்கள். ஓசேஜ் மக்களே சில ஆண்டு முன்புதான் கான்சஸிலிருந்து தெற்கே தள்ளப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால் அந்தப் பங்கின் கனம் தெரியும்.

1878 வசந்தத்தில் குடியேற்றம் முழுவதற்கும் மூன்றே குதிரைகள். மண்வெட்டியும் களைக்கொத்துமாக ஆண்களும் பெண்களும் புல்தரையைக் கிளறினார்கள். நூற்றாண்டுகளாக உழாத பிரெய்ரிப் புல்லின் வேர் அவ்வளவு எளிதில் விடாது. ஒரு குடும்பம் அந்த ஆண்டு சில ஏக்கர் திருத்தினாலே பெரிது. ஆண்கள் பலர் கூலிக்கு ரயில்பாதை வேலைக்கும் தூரத்துப் பண்ணைகளுக்கும் போக, குழந்தைகளோடு நிலத்தைக் காத்தது பெண்கள்தான். சட்டப்படி அங்கே குடியிருந்தால்தானே பட்டா!

நல்ல பத்து ஆண்டுகள்

1880க்குள் ஊரும் சுற்றுப்புறமும் சேர்த்துக் கிட்டத்தட்ட 500 பேர். குழி வீடுகளுக்குப் பதில் மண்கட்டி வீடுகள், பிறகு சுண்ணாம்புக்கல் கட்டடங்கள், தேவாலயங்கள், ஹோட்டல், கடைகள், பள்ளி வந்தன. 1880களின் நடுவில் வங்கியும் இரண்டு பத்திரிகைகளும், அதில் ஒன்றின் பெயர் 'வெஸ்டர்ன் சைக்ளோன்'.

அரசியலிலும் எடை கூடியது. 1878ல் வந்த எட்வர்ட் மெக்கேப் முதலில் கவுன்டி எழுத்தரானார், 1882ல் கான்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1884ல் மறுபடியும். மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவிக்குக் கான்சஸில் வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். தெற்கில் கறுப்பின வாக்காளர்களை மிரட்டி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் இவை.

இந்த வளர்ச்சிக்கு உழைப்பு ஒரு காரணம், வானம் இன்னொரு காரணம். அந்தப் பகுதியில் ஆண்டு மழை சராசரி 50 முதல் 60 செ.மீ.தான், ஆனால் 1880களில் சில ஆண்டுகள் தாராளமாகப் பெய்தது. 'கலப்பை போகுமிடத்துக்கு மழை பின்னாலேயே வரும்' என்று அப்போது பலர் நம்பினார்கள், ரயில் கம்பெனிகளும் மனை வியாபாரிகளும் அதைச் சந்தோஷமாகப் பரப்பினார்கள். அறிவியல்படி அதில் ஒன்றுமில்லை.

ரயில் கணக்கு

கோதுமை கனமான, மலிவான சரக்கு. வண்டியில் ஏற்றி ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் ரயில் நிலையம் இருந்தால் விற்பது லாபம். எல்லிஸுக்குப் போய் வர நாட்கள் ஆகும், மூட்டை விலையில் ஒரு பங்கை வழியே தின்றுவிடும். அதனால் ரயில் வரும் ஊருக்குத்தான் கடைகளும் வங்கியும் போகும், அவை போகும் இடத்துக்கு மக்களும் போவார்கள்.

நடந்தது இதுதான்:

1. 1887ல் மிசௌரி பசிபிக் ரயில் கம்பெனியைக் கவர, மக்கள் வாக்களித்து 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் தர ஒப்புக்கொண்டார்கள். தங்கள் வரிப்பணத்தில் திருப்பிக் கட்டுவோம், பாதையை இங்கே போடுங்கள் என்பது இதன் பொருள்.
2. பேச்சு நடந்தது, பாதை வரவில்லை.
3. 1888ல் யூனியன் பசிபிக் என்ற இன்னொரு ரயில் கம்பெனி சாலமன் ஆற்றின் தென்கரையில் பாதை போட்டது. நிகோடிமஸ் இருப்பது வடக்குப் பக்கம்.
4. சில மைல் தள்ளி ரயில் தொழிலாளர் முகாம் இருந்த இடம் போக் என்ற ஊரானது. நிகோடிமஸ் வியாபாரிகள் அங்கே மாறினார்கள், சிலர் கடைக் கட்டடத்தையே பெயர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

கவுன்டியின் தலைமையிடமோ ஹில் சிட்டிக்குப் போனது. நீதிமன்றம், பதிவு அலுவலகம், அதனால் வரும் கூட்டம் எல்லாம் அங்கே.

இது இனவெறியால் நடந்ததா? அந்தக் காலத்தில் ரயில் தவறவிட்ட வெள்ளையர் ஊர்களும் நூற்றுக்கணக்கில் அழிந்தன, ஆகவே ஆம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். ஆனால் பேரம் பேசப் பணமும், கம்பெனி இயக்குநர்களிடம் பழக்கமும் யாருக்கு இருந்தன, யாருக்கு இல்லை என்பது அடிமைமுறையின் மிச்சம்தான்.

சரி, ரயில் வந்திருந்தால்?

வழக்கமான விளக்கம் இடறுவது இங்கேதான். ரயில் கிடைத்த போக் இன்று எப்படி இருக்கிறது? அங்கேயும் 200 பேர்கூட இல்லை. தலைமையிடம் கிடைத்த ஹில் சிட்டியிலேயே 1,500 பேருக்குள்தான். நிகோடிமஸ் ஏன் போக்கிடம் தோற்றது என்பதை ரயில் விளக்குகிறது. இரண்டும் ஏன் காலியாயின என்பதை விளக்கவில்லை.

அதற்கு அந்த 160 என்ற எண்ணுக்குத் திரும்ப வேண்டும். ஒஹாயோ, இல்லினாய் போன்ற மழை மிகுந்த பகுதிகளில் அது ஒரு குடும்பத்துக்குத் தாராளம். 100வது தீர்க்கரேகையை நெருங்க நெருங்க மழை குறைகிறது, நிகோடிமஸ் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கிழக்கேதான். ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 160 ஏக்கரில் மேய்ச்சல், தீவனம், ஈரம் சேர்வதற்காகத் தரிசு விடுவது எல்லாம் போக 80 ஏக்கர் கோதுமை. சுமாரான ஆண்டில் ஏக்கருக்கு 10 புஷல் (ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ), மொத்தம் 800. 1890களின் நடுவில் விலை புஷலுக்கு 50 சென்ட் அளவுக்கு இறங்கியபோது கைக்கு வருவது 400 டாலர், அதிலிருந்துதான் விதை, வண்டிக்கூலி, வட்டி. வறட்சி வந்தால் அந்த 400ம் இல்லை. கலப்பைக்காகவும் குதிரைக்காகவும் நிலத்தை அடகு வைத்தவருக்கு இரண்டு வறட்சி போதும், 1880களின் கடைசியிலும் 1890களிலும் வந்தது இரண்டுக்கும் மேல்.

இது அப்போதே சொல்லப்பட்டது. 1878ல், நிகோடிமஸ் மக்கள் மண்வெட்டியோடு நின்ற அதே ஆண்டில், ஜான் வெஸ்லி பவல் என்ற புவியியலாளர் வறண்ட மேற்கு நிலங்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். பாசனமில்லாத மேய்ச்சல் நிலத்தில் ஒரு குடும்பத்துக்கு 2,560 ஏக்கர் தேவை, சதுரக் கோடுகளை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்து நிலத்தைப் பிரியுங்கள் என்றார். யாரும் கேட்கவில்லை. 1904ல் நெப்ராஸ்காவின் ஒரு பகுதிக்கு மட்டும் 640 ஏக்கர், 1909ல் வறண்ட மாநிலங்கள் பலவற்றில் 320 ஏக்கர், 1916ல் மேய்ச்சல் நிலத்துக்கு 640 ஏக்கர் என்று நாடாளுமன்றமே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. அதற்குள் கிரஹாம் கவுன்டியின் நல்ல நிலமெல்லாம் பதிவாகிவிட்டது.

சட்டம் மாற்றாததைச் சந்தை மாற்றியது. ஒருவர் விற்க, பக்கத்திலிருப்பவர் வாங்க, டிராக்டர் வர, 1930களின் புழுதிப்புயலும் வறட்சியும் மிச்சமிருந்தோரில் பலரைக் கிளப்ப, பண்ணைகள் பெருத்தன. இன்று கான்சஸில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 700 ஏக்கருக்கு மேல். பண்ணை நான்கு மடங்கு பெரிதானால் குடும்பங்கள் கால் பங்காகும், பள்ளிக்குப் பிள்ளை இருக்காது, கடைக்கு ஆள் வராது. இது நிகோடிமஸுக்கும் போக்குக்கும் ஒன்றுதான். கையில் சேமிப்பும் வங்கிக் கடனும் இருந்தவர் வாங்குபவரானார், இல்லாதவர் விற்பவரானார் என்பதில்தான் கறுப்பின விவசாயிக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் வந்தது.

இப்போது என்ன இருக்கிறது?

ஐந்து கட்டடங்கள்: இரண்டு தேவாலயங்கள், செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல், 1918ல் கட்டிய பள்ளி, 1939ல் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பிய டவுன்ஷிப் மண்டபம். தேசிய வரலாற்றுத் தலம் என்றதும் ஊரையே அரசு வாங்கிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம், ஊரும் நிலமும் பெரும்பாலும் மக்களுடையதாகவே இருக்கின்றன, பழைய குடும்பங்கள் சிலவற்றின் கையில் இன்னும் விளைநிலம் உண்டு.

ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் வம்சாவளியினர் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்து கூடுகிறார்கள், அந்தச் சில நாள் ஊரில் நூற்றுக்கணக்கான பேர். இதன் பழைய பெயர் விடுதலை நாள், பழைய தேதி ஆகஸ்ட் 1. அது அமெரிக்க அடிமைகள் விடுதலையான நாள் இல்லை. 1834ல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது, அமெரிக்கக் கறுப்பினத்தவர் தங்களுக்கு விடுதலை கிடைப்பதற்கு வெகு முன்பிருந்தே கொண்டாடி வந்தது. கென்டக்கியிலிருந்து வந்தவர்கள் மூட்டையோடு கொண்டுவந்த அந்தத் தேதிதான், கோதுமை அறுவடை முடிந்த சமயத்துக்கும் பொருந்தியது.